சாயங்காலம் 6 மணிக்குத் தொடங்கும் அழுகை

குன்னூரிலிருந்து ஒரு இளம் தாய் கேட்டிருக்கிறார். மகனுக்கு 5 வாரம் முடிந்துவிட்டது, தாய்ப்பால் மட்டும்தான். பகலெல்லாம் நன்றாக இருக்கிறான். சாயங்காலம் 6 மணி ஆனால் முகம் சிவந்து, கையை இறுக மூடிக்கொண்டு, காலை வயிற்றோடு இழுத்து வீல் வீல் என்று அழுகிறான். 9, 10 மணி வரை ஓய்வதில்லை. மாமியார் வசம்பு உரைத்துக் கொடு என்கிறார். பக்கத்து வீட்டில் உரம், அதாவது சுளுக்கு, விழுந்திருக்கிறது என்கிறார்கள். கணவர் கிரைப் வாட்டர் வாங்கி வந்து அலமாரியில் வைத்திருக்கிறார். பால் பத்தவில்லையோ என்று தாய்க்கே சந்தேகம். மலைக் குளிர்தான் காரணம், கோவையில் அம்மா வீட்டுக்குப் போய்விடு என்றும் சிலர் சொல்கிறார்களாம். மருந்து எதுவும் கொடுக்காமல் இதைச் சமாளிக்க முடியுமா என்பது கேள்வி.

முடியும். நான் கோத்தகிரி பக்கம் கிராம சுகாதார செவிலியராக 31 வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். படுகர் ஹட்டி, எஸ்டேட் லைன் வீடு, டவுன் வீடு என்று பிள்ளை பிறந்த வீடுகளுக்கு ஏறி இறங்கியே காலம் போனது. இந்தச் சாயங்கால அழுகை இல்லாத ஊர் ஒன்றைக்கூட நான் பார்க்கவில்லை. உங்கள் கேள்வியைப் படித்ததும் எனக்குப் பட்டது ஒன்றுதான். பிள்ளையின் வாய்க்குள் எதை ஊற்றலாம் என்று வீட்டில் எல்லோரும் யோசிக்கிறார்கள். 6 மணிக்கு அவனைத் தூக்க அந்த வீட்டில் எத்தனை கை இருக்கிறது என்று ஒருவரும் கேட்கவில்லை.

பால் விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன், ஏனென்றால் அதிகச் சேதம் செய்வது இந்தச் சந்தேகம்தான். "பால் பத்தலை" என்று யாராவது ஒருவர் சொல்லிவிட்டால் போதும், மறுநாளே பவுடர் டப்பா வீட்டுக்கு வந்துவிடும். புட்டி குடித்த பிள்ளை மார்பில் சப்புவது குறையும். சப்புவது குறைந்தால் சுரப்பு குறையும். ஒரு மாதத்தில் அவர்கள் சொன்னது உண்மையாகவே ஆகிவிடும். இப்படி நின்றுபோன தாய்ப்பாலை நான் எத்தனையோ வீடுகளில் பார்த்து வருத்தப்பட்டிருக்கிறேன். பால் போதுமா என்பதற்கு அழுகை சாட்சி கிடையாது, சிறுநீரும் எடையும்தான் சாட்சி. ஒரு நாளைக்கு 6 தடவைக்குக் குறையாமல், வெளுப்பாகச் சிறுநீர் போக வேண்டும். முதல் 3 மாதம் ஒரு நாளைக்கு 20 முதல் 30 கிராம், வாரத்துக்குச் சுமார் 150 முதல் 200 கிராம் எடை ஏற வேண்டும். 6வது வாரத் தடுப்பூசிக்கு எப்படியும் போவீர்கள். அன்றைக்கு நிறுத்துப் பார்த்து அட்டையில் குறித்து வாங்குங்கள். எடை ஏறியிருந்தால் உங்கள் பால் போதும். அதற்கு மேல் அந்தப் பேச்சை வீட்டில் யாரும் எடுக்க வேண்டியதில்லை.

சரி, இந்த அழுகைதான் என்ன? மருத்துவர்கள் காலிக் என்பார்கள். நம் பக்கம் பொருமல், உப்புசம், மாந்தம் என்று பல பெயர். 1954இல் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் மாரிஸ் வெசல் ஒரு கணக்கு வைத்தார்: நன்றாக வளர்கிற குழந்தை நாளுக்கு 3 மணி நேரத்துக்கு மேல், வாரத்தில் 3 நாளுக்கு மேல், 3 வாரத்துக்கு மேல் அழுதால் அது காலிக். இன்றைக்கு அந்த மணிக்கணக்கை அவ்வளவு கறாராகப் பார்ப்பதில்லை. 5 மாதத்துக்குட்பட்ட குழந்தை, காய்ச்சலோ வேறு நோயோ இல்லாமல், காரணம் பிடிபடாமல் நீண்ட நேரம் அழுது, யார் தேற்றினாலும் அடங்கவில்லை என்றால் காலிக் என்றே எடுத்துக்கொள்கிறார்கள். தாய்ப்பால் குடிக்கும் பிள்ளைக்கும் வரும், புட்டிப்பால் குடிக்கும் பிள்ளைக்கும் வரும். ஏறக்குறைய 5 குழந்தைகளில் ஒன்றுக்கு உண்டு.

நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டிய இன்னொரு கணக்கும் இருக்கிறது. 1962இல் பெரி பிரேசல்டன் என்ற மருத்துவர் 80 தாய்மாரைத் தங்கள் குழந்தை அழும் நேரத்தைத் தினமும் குறித்துவைக்கச் சொன்னார். எந்தக் குறையும் இல்லாத குழந்தைகளே 2 வார வயதில் நாளுக்கு 2 மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாக அழுதன. 6வது வாரத்தில் அது ஏறக்குறைய 2¾ மணி நேரமாக ஏறியது. பிறகு இறங்கத் தொடங்கி 3 மாதத்தில் 1 மணி நேரத்துக்கு வந்தது. அதிகம் அழுததும் சாயங்கால வேளையில்தான். உங்கள் மகன் இப்போது அந்த ஏற்றத்தின் உச்சிக்குப் பக்கத்தில் நிற்கிறான். வருகிற வாரம் இன்னும் கொஞ்சம் கூடலாம், அதைப் பார்த்துப் பதறாதீர்கள். குறைமாதத்தில் பிறந்திருந்தால் மட்டும், பிறக்க வேண்டிய தேதியிலிருந்து இந்த 6 வாரத்தை எண்ண வேண்டும்.

காலை மடக்குகிறான், வயிறு கல் மாதிரி இருக்கிறது, காற்று பிரிகிறது, அதனால் வயிற்று வலிதான் என்று தோன்றும். ஆனால் உரக்க அழும் எந்தக் குழந்தையும் காலை மடக்கும், வயிற்றை இறுக்கும். அழும்போது காற்றை வேறு விழுங்கும். பல நேரம் அழுகைதான் வாயுவைக் கொண்டுவருகிறது.

அதற்காக எல்லா அழுகையையும் காலிக் என்று ஒதுக்கிவிடக் கூடாது. பல வருடத்துக்கு முன் ஒரு டிசம்பர் மாதம், கோத்தகிரிக்குக் கீழே ஒரு எஸ்டேட் லைனில் 2 மாதப் பெண் குழந்தை மத்தியானத்திலிருந்து அழுகிறது என்று கூப்பிட்டார்கள். நான் போகும்போது உரம் எடுக்கச் சேலையை விரித்து வைத்திருந்தார்கள். குழந்தை மேல் இரண்டு சட்டை, ஒரு ஸ்வெட்டர், குல்லா, காலில் பாட்டி பின்னிய உல்லன் சாக்ஸ். ஒவ்வொன்றாகக் கழற்றினேன். இடது சாக்ஸைக் கழற்றியபோதுதான் தெரிந்தது. சாக்ஸின் உள்பக்கம் பிரிந்திருந்த ஒரு நூல் நாலாவது விரலில் மூன்று சுற்றுச் சுற்றியிருந்தது. விரல் பழுத்த களாக்காய் மாதிரி கறுத்து வீங்கி, நூல் சதைக்குள் புதைந்து கண்ணுக்கே சரியாகத் தெரியவில்லை. தையல் பிரிக்கும் சின்னக் கத்தரியால் வெட்டி எடுத்தேன். கால் மணி நேரத்தில் குழந்தை தூங்கிவிட்டது. அந்த விரலில் வெள்ளையாகப் பதிந்திருந்த வரி எனக்கு இன்றும் கண்ணில் நிற்கிறது. ஆகவே பிள்ளை வழக்கத்துக்கு மாறாக அழுதால் முதலில் முழுக்கக் கழற்றிப் பாருங்கள். கை விரல், கால் விரல், ஆண் குழந்தையானால் குறி, எல்லா இடத்தையும் பாருங்கள். தாயின் தலைமுடியும் இப்படிச் சுற்றிக்கொள்ளும். பிரசவமாகி மூன்று மாதத்தில் முடி கொட்டும் சமயம் இன்னும் கவனம் வேண்டும். வெட்ட வரவில்லை என்றால் நேரே ஆஸ்பத்திரி.

வேறு எதற்கெல்லாம் ஓட வேண்டும் என்றால், 3 மாதத்துக்குள் 100.4 டிகிரியோ அதற்கு மேலோ காய்ச்சல், பச்சை நிற வாந்தி, மலத்தில் ரத்தம் அல்லது சிவந்த ஜெல்லி மாதிரி ஏதாவது, பால் குடிக்க மறுப்பது, துணி மாதிரி துவண்டு கிடப்பது, உச்சிக்குழி புடைப்பது, மூச்சு வாங்குவது, தொடை இடுக்கிலோ விதைப்பையிலோ கட்டி, கீழே விழுந்ததற்குப் பின் வரும் அழுகை, இதுவரை கேட்காத கீச்சுக் குரல். இவற்றில் ஒன்று இருந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. மலையில் ராத்திரி வண்டி கிடைப்பது கஷ்டம் என்று தள்ளிப்போட வேண்டாம், 108ஐக் கூப்பிடுங்கள். குன்னூரில் லாலி ஆஸ்பத்திரி இருக்கிறது, ஊட்டியில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. இப்படி எதுவும் இல்லை, எடையும் ஏறுகிறது, ஒரு தடவை குழந்தை மருத்துவர் பார்த்தும் சொல்லிவிட்டார் என்றால் மேலே படியுங்கள்.

கைகளுக்கு வருகிறேன். எங்கள் பகுதியில் இலங்கையிலிருந்து திரும்பி வந்த ஒரு பாட்டி இருந்தார். அங்கே தோட்டத்துப் பிள்ளை மடுவத்தில் கொழுந்துக்குப் போகும் பெண்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொண்டவர். பேரன் பேத்தி யார் பிறந்தாலும் மத்தியானம் 3 மணிக்கே பழைய நூல் சேலையால் பிள்ளையை நெஞ்சோடு கட்டிக்கொண்டு நடக்க ஆரம்பித்துவிடுவார். நன்றாகத் தூங்குகிற பிள்ளையை ஏன் தூக்குகிறீர்கள் என்று நான் கேட்டதற்கு, "அழுதப்புறம் தூக்குனா அது லேசுல அடங்காது கண்ணு, அழுவுறதுக்கு முன்னாடியே தூக்கிக்கணும்" என்றார்.

அவர் சொன்னதை நான் பிற்பாடு ஒரு ஆராய்ச்சியில் படித்தேன். கனடாவின் மான்ட்ரியலில் ஹன்சிகர், பார் என்ற இருவர் 1986இல் வெளியிட்டது. 99 குழந்தைகளில் ஒரு பகுதியினரின் தாய்மாரை, குழந்தை அழாத நேரத்திலும் சேர்த்துத் தினம் 3 மணி நேரமாவது கூடுதலாகத் தூக்கி வைத்திருக்கச் சொன்னார்கள். 6வது வாரத்தில் அந்தக் குழந்தைகள் மற்றவர்களைவிட 43 சதவீதம் குறைவாக அழுதன, சாயங்காலத்தில் 51 சதவீதம் குறைவு. ஆனால் ஏற்கெனவே காலிக் முற்றிய குழந்தைகளிடம் இதையே செய்து பார்த்தபோது அந்த அளவு பலன் தெரியவில்லை. எனவே அழுகை நின்றே தீரும் என்று நான் உறுதி சொல்ல மாட்டேன். அழுகைக்கு முன்னாலேயே தூக்கிக்கொண்டால் கொஞ்சம் குறையும், உங்களுக்கும் கை பழகும். தூக்கித் தூக்கிப் பழக்கிவிடாதே, அப்புறம் கீழே இறங்க மாட்டான் என்பார்கள். 5 வாரக் குழந்தைக்குக் கெட்ட பழக்கம் என்று ஒன்று கிடையாது.

சேலையில் கட்டும்போது மூக்கும் வாயும் எப்போதும் கண்ணுக்குத் தெரிய வேண்டும். தாடை நெஞ்சில் முட்டக் கூடாது. கால் இரண்டும் தவளை மாதிரி அகன்று, முழங்கால் மடிந்திருக்க வேண்டும். அடுப்படிக்கு அந்தக் கட்டோடு போகவே கூடாது.

அழுகை தொடங்கிவிட்டால் முன்கையில் கவிழ்த்துப் பிடிப்பதை முயன்று பாருங்கள். கன்னம் உங்கள் முழங்கை மடிப்பில், நெஞ்சும் வயிறும் முன்கையின் நீளத்துக்கு, கால்கள் இரு பக்கமும் தொங்க, உங்கள் உள்ளங்கை தொடைக்கு நடுவே அணைத்துப் பிடித்திருக்க வேண்டும். மறு கையால் முதுகைத் தடவலாம். ஆண்களின் கை நீளமாக இருப்பதால் இது அவர்களுக்கு இன்னும் நன்றாக வரும். உங்கள் கணவருக்கு இதைச் சொல்லிக்கொடுத்துவிடுங்கள், 7 மணியிலிருந்து 8 மணி வரை அவர் முறை என்று வைத்துக்கொள்ளலாம். சட்டையைக் கழற்றி, வெறும் நெஞ்சில் பிள்ளையை ஒட்டப் போட்டு மேலே ஒரு போர்வை சுற்றிக்கொண்டு உட்காருவதும் நல்லது. அதைத் தகப்பனும் செய்யலாம், பாட்டியும் செய்யலாம்.

நடப்பதிலும் ஒரு கணக்கு இருக்கிறது. ஜப்பானின் ரிக்கென் ஆராய்ச்சி நிலையத்தார் 2022இல் வெளியிட்ட ஒரு சிறு ஆய்வில், அழும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு 5 நிமிடம் நிற்காமல், திடீரென்று திரும்பாமல், ஒரே சீராக நடந்தால் நன்றாக அடங்குகிறது என்று கண்டார்கள். தூங்கியதும் படுக்கையில் போட்டால் முழித்துக்கொள்ளும். அதனால் 5 முதல் 8 நிமிடம் மடியிலேயே வைத்து உட்கார்ந்திருந்து, பிறகு கீழே விட வேண்டும். நாம் பெரும்பாலும் அந்தக் கடைசி 5 நிமிடப் பொறுமையைத்தான் இழக்கிறோம்.

சத்தத்தைப் பற்றி மலையில் இருக்கிற நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. தகரக் கூரையில் மழை விழுகிற ராத்திரியில் பிள்ளைகள் எப்படித் தூங்குகின்றன என்று பார்த்திருப்பீர்கள். மழை பெய்யும்போது போனில் பத்து நிமிடம் பதிவு செய்து வையுங்கள். மழை இல்லாத நாளில் அதை அறையின் மறு கோடியில், நாம் பேசுவதைவிடத் தாழ்ந்த சத்தத்தில் ஓட விடலாம், காதருகில் வேண்டாம். தாலாட்டும் இதைத்தான் செய்கிறது, ராகம் தெரியாவிட்டாலும் ஒரே தாளத்தில் "ஆராரோ" சொல்லிக்கொண்டே இருங்கள். விளக்கைக் குறையுங்கள், டிவியை நிறுத்துங்கள். பிள்ளை பார்க்க வருகிறவர்களைக் காலையில் வரச் சொல்லுங்கள். சாயங்காலம் 5 மணிக்கு நாலு பேர் கைமாற்றிக் கொஞ்சிவிட்டுப் போன வீட்டில் அன்று ராத்திரி அழுகை கூடுதலாக இருப்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

எண்ணெய் தேய்ப்பது நம் பழக்கம்தான், செய்யலாம். பால் குடித்து முக்கால் மணி நேரமாவது ஆகட்டும். கையைத் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டு, தேங்காய் எண்ணெய் தொட்டு, தொப்புளைச் சுற்றிக் கடிகார முள் சுற்றும் திசையில் மெதுவாகத் தடவுங்கள். அப்புறம் இரண்டு முழங்காலையும் சேர்த்து வயிற்றுப் பக்கம் மடக்கி, மெல்ல நீட்டுங்கள், சைக்கிள் மிதிப்பது போலவும் செய்யலாம். வாயு பிரிந்து சில குழந்தைகள் அடங்கும். மூக்கிலும் காதிலும் எண்ணெய் விடுவது மட்டும் வேண்டவே வேண்டாம், மூக்கில் விட்ட எண்ணெய் நுரையீரலுக்குப் போய்ச் சளிக் காய்ச்சலில் கொண்டுபோய் விட்டுவிடும். மூக்கில் ஊதுவதும் அப்படித்தான். குளிப்பாட்டுவதை வெயில் இருக்கும்போதே முடித்துவிடுங்கள்.

பால் கொடுக்கும்போது காற்று குறைவாகப் போக வழி உண்டு. காம்பை மட்டும் கவ்வினால் காற்றும் போகும், உங்களுக்கும் புண்ணாகும். கருவட்டத்தில் பெரும்பகுதி வாய்க்குள் இருக்க வேண்டும், கீழ் உதடு வெளிப்பக்கம் மடிந்திருக்க வேண்டும், தாடை மார்பில் பதிந்திருக்க வேண்டும். ஒரு பக்கம் முழுக்கக் குடித்துத் தானாக விடட்டும், பிறகு மறு பக்கம் காட்டுங்கள். நடுவிலும் முடிவிலும் தோளில் போட்டு ஏப்பம் எடுங்கள். பத்து நிமிடம் தட்டியும் ஏப்பம் வரவில்லை என்றால் விட்டுவிடலாம். புட்டிப்பால் கொடுக்கிறவர்கள் டப்பாவில் போட்டிருக்கும் அளவில் துளியும் கூட்டவோ குறைக்கவோ கூடாது.

நீங்கள் பத்தியம் என்று எதையெல்லாம் நிறுத்தியிருக்கிறீர்களோ தெரியாது. பருப்பு வாயு, முட்டைக்கோஸ் வாயு என்று தாயைப் பட்டினி போடுவதில் பிள்ளைக்கு ஒரு நன்மையும் இல்லை. குழந்தைக்குத் தோலில் தடிப்பு, மலத்தில் ரத்தக் கீற்று, அடிக்கடி வாந்தி இருந்தால் மட்டும் பசும்பால் புரதம் ஒத்துக்கொள்ளவில்லையோ என்று மருத்துவர் சந்தேகப்படுவார். அப்போது அவர் சொல்லி, தாய் இரண்டு வாரம் பாலையும் தயிரையும் நிறுத்திப் பார்க்கலாம். நம் ஊரில் நான் முதலில் கேட்பது டீயைத்தான். குளிருக்கு ஆறு ஏழு டம்ளர் கெட்டி டீ குடிக்கிற பச்சை உடம்புக்காரிகள் இங்கே நிறையப் பேர். டீயில் இருக்கும் காஃபின் பெரியவர் உடம்பில் சில மணி நேரத்தில் பாதியாகிவிடும், பிறந்த குழந்தையின் உடம்பில் அது பாதியாக 3, 4 நாள் எடுக்கும். பாலில் வருவது கொஞ்சம்தான், ஆனால் தினமும் சேர்ந்துகொண்டே போகும். டீயும் காபியும் சேர்த்து நாளுக்கு 2, 3 டம்ளரோடு நிறுத்திக்கொள்ளுங்கள், அதையும் லைட்டாகப் போட்டுக் குடியுங்கள்.

இனி மாமியார் சொன்ன வசம்பு. பேர் சொல்லாதது, பிள்ளை வளர்ப்பான் என்றெல்லாம் பெயர் வைத்துக் கொண்டாடிய பொருள். அவர் பிள்ளைக்கு நல்லது நினைத்துத்தான் சொல்கிறார், அவரிடம் சண்டை போடாதீர்கள். ஆனால் வசம்பில் பீட்டா அசரோன் என்ற நஞ்சு இருக்கிறது. அமெரிக்க உணவு மருந்துத் துறை வசம்பை உணவில் சேர்ப்பதை 1968இலேயே தடை செய்துவிட்டது. உரை கல்லில் எத்தனை சுற்று உரைத்தோம், எவ்வளவு உள்ளே போனது என்பதற்கு அளவும் கிடையாது. கையில் வசம்பு வளையல் கட்டினால்கூடப் பிள்ளை வாயில் வைக்கும். வேண்டுமென்றால் தொட்டில் கம்பில், பிள்ளைக்கு எட்டாத உயரத்தில் கட்டிவிடச் சொல்லுங்கள், அவர் மனமும் நிறையும். நான் பல வீடுகளில் இப்படித்தான் சமாதானம் செய்தேன்.

கிரைப் வாட்டர் 1851இல் இங்கிலாந்தில் வில்லியம் உட்வர்ட் என்ற மருந்துக்காரர் செய்தது. அந்தக் காலத்துத் தயாரிப்பில் சாராயம், சர்க்கரை, சோடா உப்பு, சதகுப்பை எண்ணெய் எல்லாம் இருந்தன. பிள்ளை அடங்கியதற்குச் சாராயமும் சர்க்கரையுமே போதும். இப்போது சாராயம் இல்லாமல்தான் விற்கிறார்கள், ஆனாலும் காலிக்கை அது குறைக்கிறது என்பதற்கு நல்ல ஆதாரம் கிடையாது. ஓமத் தண்ணீர், சோம்புத் தண்ணீர், சர்க்கரைத் தண்ணீர், வெந்நீர் எதுவானாலும் சரி, 6 மாதம் வரை தாய்ப்பாலைத் தவிர வேறு எதுவும் வேண்டாம். அந்தச் சின்ன வயிற்றில் தண்ணீர் நிரம்பினால் அந்த அளவு பால் குறையும், அழுக்கும் உள்ளே போய்விடும். தேன் ஒரு வயது வரை நாக்கில் தடவக்கூடக் கூடாது. அதில் இருக்கக்கூடிய ஒரு கிருமி கைக்குழந்தையின் குடலில் வளர்ந்து தசைகளை முடக்கிவிடும். கடையில் கேட்டு வாங்கும் வயிற்று வலிச் சொட்டு மருந்திலும் டைசைக்ளோமின் இருந்தால் ஆபத்து, 6 மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு அது ஆகவே ஆகாது.

நீலகிரியில் இருப்பவர்களுக்கென்றே தனியாகச் சொல்ல வேண்டியது தைலம். யூகலிப்டஸ் தைலமும் விண்டர்கிரீன் தைலமும் இல்லாத வீடு இங்கே கிடையாது. சளிக்கும் பொருமலுக்கும் வயிற்றில் ஒரு சொட்டு, மூக்கடியில் ஒரு சொட்டு என்று தடவுகிறார்கள். கைக்குழந்தைக்குக் கூடாது. யூகலிப்டஸ் தைலத்தில் மூச்சுத் திணறலும் வலிப்பும் வரலாம். விண்டர்கிரீன் தைலத்தில் இருப்பது ஆஸ்பிரின் வகையைச் சேர்ந்தது, ஒரு ஸ்பூன் உள்ளே போனால் சின்னக் குழந்தையின் உயிருக்கே ஆபத்து. கற்பூரமும் அப்படித்தான். பாட்டிலை எட்டாத இடத்தில் வைத்துப் பூட்டுங்கள்.

அடுத்தது கரி அடுப்பு. குளிர்கிறது என்று கதவு ஜன்னலைச் சாத்திக்கொண்டு அறைக்குள் கணப்பு வைத்துத் தூங்கி, காலையில் எழாமலே போனவர்கள் இந்த மலைகளில் உண்டு. கரி எரியும்போது வரும் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயுவுக்கு வாசனை கிடையாது. பிள்ளை தூங்கும் அறையில் கரியும் வேண்டாம், சாம்பிராணிப் புகையும் வேண்டாம். குளிரைவிட நம் ஆட்கள் அதிகமாகப் போர்த்துவதுதான் எனக்குக் கவலை. பெரியவர்கள் போட்டிருப்பதைவிட ஒரு அடுக்கு கூடுதலாக இருந்தால் போதும். கை கால் சில்லென்று இருப்பதை வைத்து முடிவு செய்யாதீர்கள், பிடரியில் கை வைத்துப் பாருங்கள். அங்கே வேர்த்திருந்தால் ஒரு சட்டையைக் கழற்றுங்கள். வேர்வையில் நசநசவென்று இருப்பதாலேயே அழும் பிள்ளைகளும் உண்டு. துணியில் சுற்றினால் நெஞ்சுப் பகுதி இதமாக இருக்கட்டும், இடுப்புக்குக் கீழே கால் தாராளமாக அசைய வேண்டும். தூங்கப் போடும்போது மல்லாக்க மட்டும்தான், தலையணையோ கனத்த ரஜாயோ பக்கத்தில் இருக்கக் கூடாது. தூளியில் ஆட்டலாம், ஆனால் ஒருவர் கண் அதன்மேல் இருக்க வேண்டும். தூங்கியதும் சமமான படுக்கைக்கு மாற்றிவிடுங்கள்.

உரம் எடுப்பதைப் பற்றி இரண்டே வார்த்தை. சேலையில் போட்டு உருட்டுவது, முறத்தில் புடைப்பது போல ஆட்டுவது, காலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்குவது, இவற்றை அனுமதிக்காதீர்கள். 5 வாரக் குழந்தையின் கழுத்து நிற்காது. தலை வேகமாகக் குலுங்கினால் மூளைக்குள் ரத்தக் கசிவு வரலாம்.

அதே ஆபத்து நம் கையிலும் இருக்கிறது என்பதைச் சொல்லாமல் விடக் கூடாது. மூன்றாவது மணி நேரத்தில், தூக்கமில்லாமல், தனியாக இருக்கும்போது எந்த நல்ல தாய்க்கும் தகப்பனுக்கும் பிள்ளையைப் பிடித்து ஒரு உலுக்கு உலுக்கத் தோன்றும். தோன்றுவது தப்பில்லை, உலுக்கவே கூடாது. அந்த நிமிடம் அவனைத் தொட்டிலில் மல்லாக்கப் போட்டுவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வந்து, திண்ணையில் பத்து நிமிடம் உட்காருங்கள். தண்ணீர் குடியுங்கள். பத்து நிமிடம் அழுததால் எந்தப் பிள்ளைக்கும் ஒன்றும் ஆனதில்லை. பிறகு போய்த் தூக்குங்கள். அப்படி வாசலில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்த ஒரு பெண்ணை நான் பார்த்தேன். "நான் நல்ல அம்மா இல்லக்கா" என்றாள். பிள்ளையை வாங்கிக்கொண்டு அவளைத் தூங்கச் சொன்னேன், நாலு மணி நேரம் அடித்துப் போட்ட மாதிரி தூங்கினாள். அவளுக்கு அன்று வேறு எந்த மருந்தும் தேவைப்படவில்லை. உங்களுக்குப் பகலிலும் அழுகை வந்துகொண்டே இருந்தாலோ, சாப்பாடு இறங்காவிட்டாலோ, பிள்ளையையோ உங்களையோ ஏதாவது செய்துகொள்ளத் தோன்றினாலோ, அதை மறைக்காமல் அன்றைக்கே வீட்டில் சொல்லி மருத்துவரைப் பாருங்கள். அரசின் உடல்நல உதவி எண் 104க்கு அழைக்கலாம், மனநல உதவிக்கு 14416 இருக்கிறது. தமிழிலேயே பேசுவார்கள்.

கடைசியாகக் கோவைக்குப் போகலாமா என்பது. குளிரால் இது வரவில்லை, சமவெளியிலும் பிள்ளைகள் இதே வயதில் இப்படியேதான் அழுகின்றன. கீழே போனதும் நின்றுவிடும் என்று எதிர்பார்த்துப் போகாதீர்கள். ஆனால் அங்கே உங்கள் அம்மாவும் தங்கையும் இருந்து, சாயங்காலம் ஆளுக்கு ஒரு மணி நேரம் தூக்குவார்கள் என்றால் கட்டாயம் போங்கள். கணவரையும் வாரக் கடைசியில் வரச் சொல்லுங்கள், முன்கையில் பிடிக்கப் பழகியது விட்டுப்போகக் கூடாது. காலையில் கிளம்பினால் அழுகை வேளைக்கு முன் வீடு சேர்ந்துவிடலாம். மலை இறங்கும்போது காது அடைக்கும், சப்பினால் திறந்துவிடும். அதனால் பர்லியாறில் வண்டியை ஓரம் கட்டி ஒரு தடவை பால் கொடுத்து, ஏப்பம் எடுத்து, பிறகு கிளம்புங்கள். 6வது வார ஊசியை அங்கேயே போட்டுக்கொள்ளலாம், தடுப்பூசி அட்டையை மட்டும் மறக்காமல் எடுத்து வையுங்கள்.